உணர்விழந்த கையும் உலையாத வேந்தனும்

நடுநிலக் கடலின் கீழைக் கரைக்குச் சற்று உள்ளே, குன்றுகளின்மீது அமைந்துள்ளது எருசலேம் என்னும் பழம்பெரு நகரம். யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய மூவர்க்கும் அது திருநகரமாகும். மூவர்க்கும் உரிய நகரமாதலின், அதனை ஆளும் உரிமை குறித்து எழுந்த பூசல்களும் மிகப் பல. 1095ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பைக் கேட்டு மேலை ஐரோப்பிய நாட்டுப் படைகள் கீழ்த்திசை நோக்கிக் கிளம்பின. 1099இல் எருசலேமைக் கைப்பற்றின. அந்நாளில் நகர மக்கள் இரக்கமின்றிக் கொல்லப்பட்டனர் என்பதை, அப்படையினரைப் போற்றி எழுதிய வரலாற்றாசிரியர்களும் மறைத்தாரில்லை. சிலுவைப் போர் எனப்படும் இப்போரின் பயனாகத் தோன்றியதே எருசலேம் அரசு. எண்பத்தெட்டு ஆண்டுகள் அந்நகரில் நிலைபெற்ற அவ்வரசை ஆண்டவருள் நான்காம் பால்டுவின் என்பவன் ஒருவன். பதின்மூன்று அகவையில் முடிசூடி, இருபத்து நான்கு அகவை நிறையுமுன் மறைந்தவன் அவன். அரியணை ஏறியபோதே தொழுநோய் அவனைப் பற்றியிருந்தது.

பால்டுவின் 1161ஆம் ஆண்டில் பிறந்தான். தந்தை அமால்ரிக்கு, தாய் ஆக்னெசு, சிபில்லா என்னும் தமக்கையும் இருந்தாள். அவன் சிறு குழந்தையாக இருந்தபோது, பெரிய தந்தையாகிய மூன்றாம் பால்டுவின் பிள்ளைப் பேறின்றி இறக்கவே, ஆட்சி அமால்ரிக்கை அடைந்தது. ஆயின் நாட்டுப் பெருமக்கள் ஆக்னெசை அரசியாக ஏற்க உடன்படவில்லை. கணவனும் மனைவியும் நெருங்கிய குலத்தொடர்பு உடையவர் என்று காரணம் காட்டி மணம் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் உரிமை மட்டும் காக்கப்பட்டது. தாய் அரண்மனையை விட்டு நீங்கினாள். தமக்கை கன்னியர் மடமொன்றில் வளர்ந்தாள். சிறுவன் தந்தையின் அரண்மனையில் தனித்து வளர்ந்தான்.

மகனுக்கு ஒன்பது அகவை ஆனபோது அமால்ரிக்கு அவனை வில்லியம் என்னும் சான்றோரிடம் கல்வி கற்க ஒப்படைத்தான். வில்லியம் எருசலேமிலேயே பிறந்தவர். பிரான்சிலும் இத்தாலியிலும் இருபது ஆண்டுக்காலம் பயின்று பேரறிஞராகத் திரும்பியவர். பின்னாளில் தீரு நகரின் பேராயராக உயர்ந்தவர். அவர் எழுதிய வரலாற்று நூலே பால்டுவினைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதிக்குச் சான்றாக விளங்குகிறது. மாணவன் நினைவாற்றல் மிக்கவன் என்றும், பழைய வரலாறுகளைக் கேட்பதில் பெருவிருப்பம் உடையவன் என்றும், பிறர் செய்த நன்மையையும் தீமையையும் ஒருங்கே மறவாதவன் என்றும், முகத்தாலும் நடையாலும் தந்தையை அப்படியே ஒத்தவன் என்றும் அவர் குறித்துள்ளார். ஆசிரியர் மாணவனைப் பற்றி எழுதும்போது அன்பு மிகுந்து சிலவற்றைக் கூட்டி உரைத்தல் இயல்பே. எனினும், நோயைப் பற்றி அவர் எழுதியதில் அத்தகைய மிகை காணப்படவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதியுள்ளார்.

பெருமக்களின் பிள்ளைகளோடு இளவரசன் விளையாடுவது வழக்கம். ஒருநாள் சிறுவர்கள் ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கிள்ளியும் கீறியும் பொறுமையைச் சோதித்து விளையாடினர். கிள்ளுண்ட சிறுவர் அனைவரும் வலி தாளாது கூவினர். பால்டுவின் ஒருவனே கூவவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. இதனைப் பலமுறை கண்டவர்கள் வில்லியத்திடம் வந்து இளவரசனின் பொறுமையை வியந்து கூறினர். அவரும் முதலில் அதனைப் பொறுமை என்றே எண்ணினார். பின்னர்ச் சிறுவனை அருகழைத்து உசாவினார்; கையைத் தொட்டும் கிள்ளியும் பார்த்தார். வலக்கையிலும் அதனை அடுத்த புயத்தின் ஒரு பகுதியிலும் உணர்ச்சியே இல்லை என்பது அப்போது புலனாயிற்று. கிள்ளினாலும் கடித்தாலும் அவன் அறியவில்லை. பிறர் வீரம் என்று கருதிய ஒன்று நோயின் முதல் அடையாளமாக இருந்தது.

செய்தி அரசனுக்கு எட்டியது. மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டனர். ஒற்றடம் இட்டனர், எண்ணெய் பூசித் தேய்த்தனர், கடுநஞ்சு போன்ற மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தனர். எகிப்திலிருந்து வந்து அமால்ரிக்கின் அவையில் இருந்த அபூ சுலைமான் தாவூது என்னும் அரபு மருத்துவரும் மருந்தளித்தார். ஒன்றும் பயன்தரவில்லை. பயன்தருதற்குரிய மருந்து அக்காலத்தில் உலகில் எங்குமே இல்லை என்பதை இன்று நாம் அறிவோம்.

உணர்ச்சியற்ற கை ஏன் இத்துணை அச்சத்திற்கு உரியது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். தொழுநோய் நுண்கிருமி ஒன்றால் உண்டாவது. அக்கிருமியை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் கண்டறிந்தார். அது உடலின் வெப்பம் குறைந்த பகுதிகளை விரும்பித் தங்குவது. ஆதலின் தோலிலும், தோலுக்கு அண்மையில் செல்லும் நரம்புகளிலும் குடிகொள்கிறது. முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பு ஒன்று உண்டு. அவ்விடம் எதன்மீதேனும் மோதினால் விரல் நுனிவரை மின்னல் பாய்ந்தாற் போன்ற கூச்சம் எழுவதை யாவரும் அறிவர். அந்நரம்பே இந்நோயால் பெரிதும் தாக்கப்படுவது. நரம்பு கெட்டபின் சுண்டுவிரலும் அதனை அடுத்த விரலும் மரத்துப்போகின்றன. நாளடைவில் மடங்கிக் கொக்கிபோல் ஆகின்றன.

கைவிரல்களை நோயே அரித்துத் தின்றுவிடுகிறது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கை பிழையானது. அடுப்பின் சூடு விரலில் பட்டால் நாம் எண்ணுமுன்னரே கை பின்வாங்கிவிடுகிறது. காலில் முள் தைத்தால் அக்காலை ஊன்றாமல் நடக்கிறோம். வலி என்னும் காவலன் நம்மை எச்சரித்தவண்ணம் இருத்தலால் காயங்கள் ஓய்வு பெற்று ஆறுகின்றன. அக்காவலன் இல்லாத கை என்ன செய்யும்? கொதிக்கும் கலத்தைப் பற்றும். கொப்புளம் எழுந்தும் உணராது. கொப்புளம் உடைந்த புண்ணோடு மீண்டும் உழைக்கும். அப்புண்ணின் வழியே சீழ் உண்டாக்கும் வேறு கிருமிகள் உள்ளே புகுகின்றன. விரலில் தொடங்கிய சீழ், தசைநாண்களைச் சூழ்ந்துள்ள உறைகளின் வழியே உள்ளங்கைக்கு இறங்கும். மணிக்கட்டைக் கடந்து முன்கையின் தசைகளுக்குள் ஏறும். கை முழுதும் வீங்கிக் கனலும், காய்ச்சல் கொதிக்கும். தசையும் தோலும் அழுகுதலும் உண்டு. எலும்பு கரைந்து விரல் குறுகுதலும் உண்டு. கிருமி குருதியில் கலந்துவிட்டால் உயிரே போதலும் கூடும். இவ்வாறு நரம்பைக் கெடுப்பது தொழுநோய். கையைக் கெடுப்பது பெரும்பாலும் கவனிக்கப்படாத காயமும் அதில் புகுந்த சீழுமேயாம்.

போர்க்களத்தில் மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றுதல் தமிழ் மரபு. ஏற்பவன் அறிந்து ஏற்பதால் அது பெருமையாயிற்று. பால்டுவினுக்கு வாய்த்த புண்கள் அவன் அறியாமலே வந்தவை. கடிவாளம் உராய்ந்த தழும்பு, படைக்கலத்தின் பிடி அழுத்திய கொப்புளம், பனிக்காலத்தில் நெருப்பருகே அமர்ந்தபோது பட்ட சூடு என இவை போன்ற சிறு காயங்கள் ஒவ்வொன்றும் உணர்விழந்த கைக்குப் பகையாகும். அரசன் மகனாகப் பிறந்தவனுக்கோ குதிரையையும் வாளையும் விட்டு வாழ வழியில்லை.

வலக்கை பயன்படாத சிறுவன் குதிரை ஏற்றம் பழகுவது எங்ஙனம்? மருத்துவர் தாவூதின் மைந்தர்களுள் அபூ அல் கைர் என்பவர் குதிரைப் பயிற்சியில் வல்லவர். அவர் இளவரசனுக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். உணர்ச்சி கெட்ட கையைக் கொண்டு கடிவாளத்தின் இழுப்பை அறிதல் இயலாது. ஆதலின் முழங்கால்களின் அழுத்தத்தால் குதிரையைச் செலுத்த அவன் பழகினான். சிலுவைப் போர் வீரரின் அரசில் இளவரசனுக்குக் குதிரை ஏற்றம் கற்பித்தவர் ஓர் அரபு மருத்துவரின் மகன் என்பது நினைத்தற்குரியது. போர் ஓயாத அந்நாட்டில் இத்தகைய கலப்பும் இருந்தது. தன் வயதினர் எவர்க்கும் பின்னிடாத குதிரை வீரனாக அவன் விளங்கினான்.

1174ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் அமால்ரிக்கு இறந்தான். நான்கு நாள் கழித்து, 15ஆம் நாள், பதின்மூன்று அகவையினனாகிய பால்டுவினுக்கு முடிசூட்டினர். அவன்பால் ஏதோ நோய் உண்டென்பது அவையோர்க்குத் தெரியும். ஆயின் அது தொழுநோய்தான் என்று அப்போது எவரும் வெளிப்படையாக உரைக்கவில்லை. உரைத்திருப்பின் வேறு வகையில் முடிந்திருக்கலாம். அந்நாட்டில் தொழுநோய் கண்ட வீரர்க்கென்றே நகர மதிலுக்கு வெளியே புனித இலாசரின் பெயரால் ஒரு மடம் இருந்தது. நோயுற்ற பெருமக்களும் அங்குச் சென்று சேர்தல் முறை. பெரியவனாகும் பருவத்தில் நோய் முகத்திலும் கைகால்களிலும் வெளிப்பட்டபோது ஐயத்திற்கு இடமின்றிப் போயிற்று. எனினும் எவரும் அவனை அரியணையினின்று இறங்குமாறு கேட்கவில்லை, மடத்திற்கு அனுப்பவுமில்லை. அவையில் அவனருகே அமர்ந்தனர். அவன் கூறிய ஆணைக்குப் பணிந்தனர். ஐரோப்பாவில் தொழுநோயாளரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கிய காலம் அது என்பதை எண்ணும்போது இச்செய்தியின் அருமை விளங்கும்.

பால்டுவின் முடிசூடிய அதே ஆண்டில்தான் சலாதீன் தமஸ்கு நகரைக் கைக்கொண்டார். அவர் முன்னரே எகிப்தின் தலைவர். எகிப்தும் சிரியாவும் ஒரு கைப்படவே, இரண்டிற்கும் இடையே குறுகிக் கிடந்த எருசலேம் அரசு பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கின் நிலையை அடைந்தது. சலாதீன் பேராற்றலும் பெருந்தன்மையும் ஒருங்கே வாய்ந்தவர். அவர் எதிரே நிற்க வேண்டியவனோ நோயுற்ற சிறுவன். தொடக்கத்தில் திரிப்பொலி நாட்டுத் தலைவன் இரேமண்டு ஆட்சிப் பொறுப்பைத் தாங்கினான். 1176இல், பதினைந்து அகவை நிரம்பியவுடன், பால்டுவின் அப்பொறுப்பைத் தானே மேற்கொண்டான்.

அதற்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்ததே மொன்கிசார்டுப் போர். 1177ஆம் ஆண்டு நவம்பரில் சலாதீன் எகிப்திலிருந்து பெரும்படையுடன் வடக்கு நோக்கி வந்தார். குதிரைப்படை மட்டும் இருபத்தாறாயிரம் என்று வில்லியம் எழுதுகிறார். பகைவர் தொகையைப் பெருக்கிக் கூறுதல் அக்காலத்து வழக்கமாதலின், அதனை முழுவதும் கொள்ளவேண்டுவதில்லை. பெரும்படை என்பதில் மட்டும் ஐயமில்லை. எருசலேம் அரசின் படையில் ஒரு பகுதி அந்நேரம் வடக்கே வேற்றுப் போரில் ஈடுபட்டிருந்தது. பதினாறு அகவை மன்னன் தன்னிடம் எஞ்சிய வீரரோடு விரைந்து சென்று கடற்கரை நகரமாகிய அஸ்கலோனுக்குள் புகுந்தான். அவனிடம் இருந்த கவசக் குதிரை வீரர் ஏறத்தாழ நானூற்றுவர் மட்டுமே.

சலாதீன் அந்நகரைப் பொருட்படுத்தவில்லை. சிறுபடையுடன் உள்ளே அடைபட்டவன் வெளியே வரமாட்டான் என்று கருதி எருசலேமை நோக்கிப் படையைச் செலுத்தினார். படைவீரர் பல பிரிவுகளாகப் பிரிந்து ஊர்களைக் கொள்ளையிடச் சென்றனர். இந்நிலையை அறிந்த பால்டுவின் காசாவிலிருந்த கோயில் வீரர் எனப்படும் துறவுப் படையினரையும் சேர்த்துக்கொண்டு கரையோரமாக வடக்கே சென்று, நவம்பர் 25ஆம் நாள் பிற்பகலில், இராம்லா என்னும் ஊரை அடுத்த மொன்கிசார்டில் சலாதீனை எதிர்ப்பட்டான். பகைப்படையின் பெருக்கத்தைக் கண்டு தன் படை தயங்கியபோது மன்னன் குதிரையினின்றும் இறங்கி, படைமுன் ஏந்திவந்த சிலுவையின்முன் தரையில் வீழ்ந்து கண்ணீர் மல்க வேண்டினான் என்று சிரியா நாட்டு மிக்கேல் என்னும் சமயத் தலைவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அதனைக் கண்ட வீரர் இனிப் பின்வாங்குவதில்லை என்று உறுதி பூண்டு பாய்ந்தனர். சிதறியிருந்த எதிரிப்படை அணிவகுத்து நிற்குமுன் அதன் நடுவே புகுந்தனர். சலாதீனின் படை நிலைகுலைந்தது; அவரும் விரைந்து செல்லும் ஒட்டகம் ஒன்றின்மீது ஏறித் தப்பினார். மழையும் குளிரும் பாலைவழியின் வறுமையும் ஓடிய வீரரை மேலும் வருத்தின. வென்றவர் பக்கத்திலும் இழப்பு மிகுதியே. ஆயிரத்து நூற்றுவர் மாண்டனர் என்றும், எழுநூற்றைம்பதின்மர் புண்பட்டனர் என்றும், புண்பட்டோரைப் பேணிய மடத்தார் எழுதிய திருமுகம் தெரிவிக்கிறது.

வெற்றி நாட்டுக்கு நலம் தந்தது. நோயோ எவ்வெற்றிக்கும் அஞ்சுவதன்று. 1179ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் மன்னனின் உடல்நிலையைக் காட்டுகின்றன. ஏப்பிரல் திங்களில் பானியாசுக் காட்டருகே எதிர்பாராத் தாக்குதலில் அகப்பட்டான். அவன் குதிரை வெருண்டது. முதிய படைத்தலைவன் அம்பிரி தன் உடலையே கேடயமாக்கி அரசனைக் காத்தான். பட்ட புண்களால் சில நாளில் இறந்தான். சூன் திங்களில் மர்ச்சு அயூன் என்னுமிடத்தில் நடந்த போரில் எருசலேம் படை தோற்றது. குதிரையினின்று வீழ்ந்த பால்டுவினால் தானே மீண்டும் ஏற இயலவில்லை. சேணத்தைப் பற்றும் வலிமை கைகளில் இல்லை. வீரன் ஒருவன் அவனை முதுகில் சுமந்துகொண்டு களத்தினின்று வெளியேற்றினான். குதிரையேற்றத்தில் எவர்க்கும் பின்னிடாதவனாக அவன் விளங்கியது சில ஆண்டுகளுக்கு முன்னர்தான்.

தன் நிலையை அவன் பிறரைவிட நன்கு அறிந்திருந்தான். பிரான்சு மன்னன் ஏழாம் லூயிக்கு அவன் ஒரு திருமுகம் விடுத்தான். உறுப்புகளின் பயன் இழந்தவன் ஆட்சி நடத்துதல் அரிது. பகைவரின் அச்சம் நாள்தோறும் நகரை நெருக்கும்போது இத்துணை வலியற்ற கையில் ஆட்சி இருத்தல் தகாது. தக்கவர் ஒருவரை அனுப்பினால் நாட்டை அவரிடம் ஒப்படைப்பேன் என்பது அதன் கருத்து. அரியணையில் அமர்ந்தோர் அதனை விட்டு இறங்க வழிதேடி எழுதுதல் அரிதினும் அரிது. தக்கவர் எவரும் வரவில்லை.

அவன் மணம் செய்துகொள்ளவில்லை. ஆதலின் தமக்கை சிபில்லாவின் வழியே ஆட்சி செல்ல வேண்டியிருந்தது. அவளுடைய முதற் கணவன் 1177இல் இறந்துவிட்டான். மகன் ஒருவன் பிறந்தான். 1180இல் அவளைக் கை என்னும் பெயருடைய பிரெஞ்சு வீரனுக்கு மணம் செய்வித்தனர். இம்மணத்தால் நாட்டுப் பெருமக்கள் இரு கட்சியாயினர். தாயும் அவளைச் சார்ந்தோரும் ஒருபுறம். இரேமண்டும் அவனைச் சார்ந்தோரும் ஒருபுறம். நோயுற்ற மன்னன் எப்போது சாவான் என்று எதிர்பார்ப்போர் நடுவில் அமர்ந்து, இரு கட்சியையும் கட்டிக்காத்தல் மொன்கிசார்டில் வாளேந்தியதினும் கடினமான செயல். அதனை அவன் ஐந்தாண்டுகள் செய்தான்.

1183இல் நாசரேத்து நகரில் அவனைக் கடுங்காய்ச்சல் பற்றியது. அதற்குள் கண்ணொளி பெரும்பாலும் மங்கியிருந்தது. கைகளும் கால்களும் புண்பட்டு அழுகித் தம் தொழிலை விட்டுவிட்டன. உயிர் பிழைப்பது அரிதென்று எண்ணிய நிலையில் தமக்கை கணவனாகிய கையிடம் ஆட்சிப் பொறுப்பை அளித்தான். அரசன் என்னும் பெயரையும் எருசலேம் நகரையும் மட்டும் தனக்கென வைத்துக்கொண்டான். அவ்வாண்டிலேயே சலாதீன் மீண்டும் படையெடுத்தார். அவ்வரசு அதுகாறும் திரட்டியவற்றுள் மிகப் பெரிய படைகளுள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கை போர் புரியாமல் பாசறையில் இருந்தான். போரைத் தவிர்த்தது அறிவுடைமை என்பாரும் உளர். வரலாறு இன்றளவும் அதில் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் படையினர் அவனைத் தலைவனாக மதிக்கவில்லை என்பது வெளிப்படையாயிற்று. காய்ச்சல் தணிந்து எழுந்த பால்டுவின் கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பெற்றான். சிபில்லாவின் ஐந்து அகவை மகனுக்கு நவம்பர் 20ஆம் நாள் முடிசூட்டுவித்துத் தன் வழித்தோன்றலாக்கினான்.

அந்நாளிலேயே சாக்கடலுக்கு அப்பாலிருந்து தீய செய்தி வந்தது. கெராக்குக் கோட்டையில் பால்டுவினின் மாற்றாந்தாய் மகளாகிய சிறுமி இசபெல்லாவுக்குத் திருமணம் நடந்துகொண்டிருந்தது. சலாதீன் கோட்டையை வளைத்துக்கொண்டார். கல்லெறி பொறிகள் இரவும் பகலும் மதிலைத் தாக்கின. மணமகனின் தாய் திருமண விருந்தின் உணவை வெளியேயிருந்த சலாதீனுக்கு அனுப்பினாள் என்றும், அவர் மணமக்கள் தங்கிய கோபுரத்தின்மீது மட்டும் கல்லெறிய வேண்டாம் என்று ஆணையிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அது கதையாகவும் இருக்கலாம். ஆயினும் சலாதீனின் இயல்புக்கு ஒத்த கதையே.

எருசலேமில் தாவீதின் கோபுரத்து உச்சியில் பெருந்தீ மூட்டி, உதவி வருகிறது என்று அறிவிக்கச் செய்தான் பால்டுவின். தானும் புறப்பட்டான். காணும் கண் இல்லை. கடிவாளம் பற்றும் கை இல்லை. அங்கவடியில் ஊன்றும் கால் இல்லை. கட்டிலில் படுக்கவைத்துச் சுமந்து சென்றனர். களத்தில் படையை நடத்தும் பொறுப்பை வழியில் இரேமண்டிடம் அளித்தான். மன்னனின் படை வருகிறதென அறிந்த சலாதீன் திசம்பர் 4ஆம் நாள் முற்றுகையை நீக்கிச் சென்றார். வாள் உறையினின்று எடுக்கப்படவே இல்லை. கட்டிலில் கிடந்தவாறே கோட்டைக்குள் சென்ற மன்னன் இடிந்த மதிலைப் புதுப்பிக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினான்.

வெளிப்பகையை விரட்டிய வேந்தனுக்கு உட்பகை எஞ்சியிருந்தது. கை தன் மனைவியோடு அஸ்கலோனில் சென்று தங்கிவிட்டான். பலமுறை அழைத்தும் நோயென்று கூறி அவைக்கு வரவில்லை. நோயென்பதைச் சாக்காகக் கூறி வர மறுத்தவனைத் தேடி, உண்மையிலேயே உடல் அழுகிக்கொண்டிருந்தவன் புறப்பட்டான். அஸ்கலோனின் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. பதினாறு அகவையில் பெரும்பகையை எதிர்க்கப் புறப்பட்ட அதே நகரின் வாயிலைத் தட்டித் திறக்குமாறு ஆணையிட்டான். திறப்பார் எவருமில்லை. நகர மக்கள் மதில்மீதும் கோபுரங்கள்மீதும் நின்று நிகழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மன்னன் யாப்பா நகருக்குச் சென்றான். அந்நகரத்தார் வாயிலைத் திறந்து வரவேற்றனர். கையை மன்னிக்குமாறு பெருமக்கள் சிலர் வேண்டியும் அவன் இசையவில்லை. தனக்குப்பின் சிறுவனின் பெயரால் இரேமண்டு ஆட்சி நடத்தவேண்டும் என்று முடிவு செய்தான்.

1185ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் பால்டுவின் இறந்தான். எருசலேமில் கிறித்து பெருமானின் கல்லறைக் கோயிலில், தந்தையின் அருகில், அவன் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே சிறுவன் ஐந்தாம் பால்டுவினும் இறக்க, சிபில்லாவும் கையும் அரியணை ஏறினர். 1187ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அத்தின் என்னுமிடத்தில் கையின் பெரும்படை அழிந்தது. அக்டோபர் 2ஆம் நாள் எருசலேம் சலாதீன் வசமாயிற்று. நகருக்குள் நுழைந்த சலாதீன் 1099இல் நடந்தது போன்ற படுகொலைக்கு இடங்கொடுக்கவில்லை. அவருடைய செயலராகிய இமாதுத்தீன் என்னும் அறிஞர், முன்னாளில் தம் பகைவராயிருந்த மக்கள் நோயுற்ற மன்னனைக் கைவிடாது பணிந்து நின்றதை வியந்து குறித்துள்ளார்.

பால்டுவினைப் பற்றிய நோய் இன்று மருந்தால் முற்றும் தீர்வதாகும். மூன்று மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் முறையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் வகுத்தது. பரம்பரையாக வருவதன்று இந்நோய். தொட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்வதுமன்று. மக்களுட் பெரும்பாலோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டவுடன் மருத்துவரிடம் சென்றால் நரம்பு கெடுமுன் நோய் நீங்கும். நரம்பு கெட்டபின் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, போன உணர்ச்சி திரும்புதல் அரிது. அத்தகையோர் நாள்தோறும் கைகால்களைக் கண்ணால் பார்த்துச் சிறு கொப்புளத்தையும் விடாது பேணுமாறு மருத்துவர் பயிற்றுகின்றனர். வலி செய்யவேண்டிய காவலைக் கண் செய்கிறது.

வில்லியம் எழுதிய வரலாறு இருபத்து மூன்று பகுதிகளை உடையது. இருபத்திரண்டு பகுதிகளை முடித்தபின், நாட்டின் நிலை கண்டு மனம் நொந்து, மேலும் எழுதுவதை விட்டுவிட எண்ணியதாக அவர் கூறுகிறார். நண்பர் வற்புறுத்தலால் இருபத்து மூன்றாம் பகுதியைத் தொடங்கினார். அஸ்கலோனின் அடைத்த வாயிலையும், இரேமண்டிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதையும் எழுதினார். அவ்வோர் இயலோடு நூல் நின்றுபோகிறது. ஒன்பது அகவைச் சிறுவனின் கையைத் தொட்டு நோயை முதலில் அறிந்த அவர் எழுத்தில், அச்சிறுவனின் சாவு இடம்பெறவில்லை.